மாகாளியாகிப் போன ஜின்செங்

வைத்தியத்தை ஒருபோதும் ரகசியமாகச் செய்துகொள்ளக் கூடாது. அதுவும் அம்மா சமையலறையை ஆளும் வீட்டில்!

தொண்ணூறுகளில், கரமனை அக்ரஹாரத்தில் உட்கார்ந்து வேலைக்கான பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். (தூங்கியதுதான் அதிகம்.) சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா புருஷன், "சீனாக்காரன் காலங்காலமா களைப்புக்குத் திங்கற வேராக்கும். மூளைக்கும் கொள்ளாம், நல்லது" என்று ஒரு பெட்டி ஜின்செங் கொடுத்தார். பத்திரிகை விளம்பரங்களில் அதை வேறொரு விஷயத்துக்கும் விற்றார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற பையன் கையில் இதைப் பார்த்தால் தெரு என்ன நினைக்கும்? பெட்டியை மேஜையில் பூட்டிவிட்டு, வேர்களைத் துணியில் சுற்றிப் பருப்பு டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன்.

கொஞ்ச நாளில் ஜானகியின் அப்பா எங்கள் வீடு பார்க்க வந்தார். பெண் பார்த்தபோதே ஜானகியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இவர் தலையாட்டினால் கல்யாணம். வந்ததுமே, "எனக்கு பிரஷர் மாத்திரை உண்டு, ரத்தம் கட்டாம இருக்க இன்னொண்ணும் உண்டு. உப்பு குறைச்சுப் போடுங்கோ மாமி" என்றார். அம்மாவோ தயிர்சாதத்துக்கு மாகாளிக் கிழங்கு ஊறுகாயைப் பெருமையாகப் பரிமாறினாள். தயிரில் ஊறிய அந்த வேரின் மூட்டைப்பூச்சி வாசனை எங்களவர்களுக்கு உயிர்.

"கொள்ளாமே! ஆனா வாசனையே இல்லை. எங்கே வாங்கினேள்?"

"வாங்கலை. பருப்பு டின்னுக்குப் பின்னாடி கிடந்தது. நறுக்கறதுக்குள்ள கை ஒடிஞ்சுபோச்சு!"

நான் ஒளித்த வேர்! அவரைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜின்செங்கைத் தொடக் கூடாதென்று பெட்டிக்குள்ளிருந்த தாளில் படித்திருந்தேன். வாயைத் திறந்தால் மானம் போகும். மூடினால் மாமனார் போவார்.

அவர் மூன்றாவது துண்டை எடுத்ததும், "ஐயோ, வேண்டாம்! அது ஜின்செங்!" என்று பாய்ந்து கையைப் பிடித்தேன். மோர் கவிழ்ந்து அவர் வேட்டி நனைந்தது.

"அது எதுக்கான மருந்து?"

"படிக்கறதுக்கு... ஞாபக சக்திக்கு..."

நான் எடுத்து வந்த தாளை உரக்க வாசித்தார். களைப்பு, ஞாபகம், அப்புறம்... குரல் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஜானகி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு போன் போட்டார். அவள் டாக்டரைக் கேட்டுவிட்டு, "ரெண்டு துண்டுதானே, பயமில்லை. இனிமே தொடாதீங்கோ, வந்து பிரஷர் பார்த்துக்கோங்கோ" என்றாள். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"ஞாபக சக்திக்கா? சமையலறையில வச்சதை மட்டும் எப்படி மறந்தேள்?"

அவள் சிரிப்பு நிற்கவே இல்லை. எனக்கு உயிர் வந்தது. "மானத்தைப் பார்க்காம என்னைக் காப்பாத்தின பையன்" என்று அவரும் சம்மதித்துவிட்டார்.

இன்றும் எந்தக் கல்யாணத்தில் இலையில் மாகாளி விழுந்தாலும் மாமனார் பந்தியையே நிறுத்துவார்: "இருங்கோ! முதல்ல மாப்பிள்ளை தின்னு காட்டட்டும்!"

நான் தின்று காட்டுவேன். பரிமாறுகிறவரிடம் ஜானகி நல்ல பிள்ளையாகச் சொல்லுவாள்: "அவருக்கு இன்னும் ரெண்டு போடுங்கோ. களைப்பா இருக்காராம்."