பரிசத்தில் அழுத தாய்மாமன்

கூச்சத்தில் வாயே திறக்காத எனக்கு உடம்பாவது பேசட்டும் என்று நினைத்தது என் தப்புதான். ஈப்போ டவுன் ஜிம்மில் ஒருவன் கொடுத்த, உடம்பு ஏற்றும் ஊசியை இரண்டு வருடம் போட்டுக்கொண்டேன். தோள் வீங்கிப்போய் வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. (பாதி பொய். வாசல் சின்னது.)

இரத்த அழுத்தம் ஏறவே பயந்து நிறுத்தினேன். இரண்டே மாதத்தில் தோள் காற்றுப்போன பலூன். அதைவிட மோசம், அழுகை. குழாயில் தண்ணீர் நின்றாலும் அழுதேன்.

"ஆம்பள ஹார்மோன் வெளியருந்து வந்துச்சில்ல, அதான் மூளைக்குக் கீழ இருக்குற சுரப்பி வேலைய விட்டுட்டு தூங்கிருச்சு" என்றார் டாக்டர். "பட்டாணி அளவுதான். முழிக்க மாசக்கணக்காவும். இனிமே ஊசியத் தொடாதீங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆயர் தாவார் ஊரில் அக்கா மகள் கோமதிக்குப் பரிசம். நாற்பது வயதாகியும் கல்யாணமாகாத நான்தான் ஒரே தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டார் தட்டை நீட்டும்போது "சம்மதம்" என்று சொல்லி வாங்க வேண்டும். ஒரே ஒரு சொல். மைக்கை வேறு மூக்கடியில் பிடித்தார்கள்.

கோமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். "என்னாங்க இது? மாமனுக்கே பொண்ணு மேல ஆசைன்னா முன்னாடியே சொல்லிருக்கலாம் லா."

கோமதியின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா என் இடுப்பைக் கிள்ளினாள். "வாயத் தொறடா! கல்யாணம் நின்னுறும்!"

"ஆசையெல்லாம் இல்லீங்க!" என்று மைக்கில் அலறினேன். "உடம்பு ஏத்த ஊசி போட்டேன், நிறுத்திட்டேன். ஆம்பள ஹார்மோன் தூங்குது! அதான் அழுவுறேன்!"

இருநூறு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டார்: "ஐயோ பாவம். கல்யாணத்துக்குள்ள முழிச்சிருமா தம்பி?"

"தெரியலக்கா."

மண்டபம் சிரித்த சிரிப்பில் தட்டு என் மடிக்கு வந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை. எல்லாம் சரியான அளவு என்றார் டாக்டர். நான் செய்தது ஒன்றுமில்லை. சோறு தின்றேன், தூங்கினேன், செம்பனைத் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். என் கையாலேயே நான் முடக்கிப்போட்ட ஒன்று, கண்ணால் பார்த்தேயிராத ஒன்று, கோபமில்லாமல் திரும்பி வந்து வேலையைத் தொடங்கியிருந்தது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன்.

இப்போது இரண்டு குடும்பத்திலும் எந்தப் பரிசமானாலும், தட்டு கைமாறும் முன் யாராவது கூவுவார்கள்: "மாமா முழிச்சிட்டாரா?"

நான் எழுந்து நின்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு நகரும்.