வார்டன் அண்ணாச்சி விரல் நீட்டிய நாள்

குமரி மாவட்டத்து ஜனங்களை வரிசையில் நிற்கவைத்த ஒரே மனிதர் வார்டன் அண்ணாச்சிதான். போலீஸால் முடியாத காரியம் அது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற எங்கள் ஆட்கள், கோட்டாற்றில் அவருடைய சப்பாத்திக் கடை வாசலில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பார்கள். இருபது வருஷமாக டீச்சர் வேலை பார்க்கிறேன், என்னால் ஏழாம் வகுப்பைக்கூட அப்படி நிறுத்த முடிந்ததில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணாச்சி ஒரு விசில் ஊதுவார். அப்போதுதான் கதவு திறக்கும். உள்ளே போகும்போது ஆளை எண்ணுவார். சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாமல் ஒருத்தரையும் வெளியே விடமாட்டார்.

ஒருநாள் நானும் உள்ளே மாட்டிக்கொண்டேன். எண்ணிக்கையில் ஓராள் குறைந்தது. கதவுக்குக் குறுக்கே கையை வைத்துவிட்டார் அண்ணாச்சி.

"ஓராளு கொறையுது. ஆளு கெடச்ச பெறவுதான் எல்லாரும் போலாம்."

"அண்ணாச்சி, எனக்க பஸ்ஸு போயிரும்! இராஜாக்கமங்கலத்துக்கு வேற பஸ்ஸு இல்ல" என்று ஒருவர் கெஞ்சினார்.

"பஸ்ஸு நாளைக்கும் வரும் மக்கா. ஆளு தப்பிச்சா நான் யாருக்குப் பதிலு சொல்லுவேன்?"

யாருக்குமே பதில் சொல்ல வேண்டாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தொலைந்த ஆள் கொல்லைப்பக்கம் கைகழுவுகிற இடத்தில் நின்று மஸ்கட்டிலுள்ள மச்சானோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவனைக் காதைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து, எண்ணி முடித்து, "கணக்கு செரி" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விடுதலை. இத்தனைக்கும் மறுநாள் அதே ஆட்கள் அதே வரிசையில் நின்றார்கள். சப்பாத்தி அப்படி! பஞ்சு மாதிரி இருக்கும், கோழிக்குழம்பை நினைத்தால் இப்போதும் நாக்கில் வெள்ளம் ஊறுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணாச்சி வார்டன் இல்லை, கைதி. கைதியாக இருந்தவருக்கு வார்டன் என்று பேர் வைத்தது எங்கள் ஊர்க் குசும்பு. பழைய நாளில் அவர் களியக்காவிளையில் வாழைக்குலை யாவாரம் பார்த்தவர். எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு சந்தையில் தரகரோடு வாய்ச்சண்டை முற்றி, கையில் கிடைத்த எடைக்கல்லைத் தூக்கி எறிந்துவிட்டார். தரகருக்கு ஒரு கண் போயிற்று. இவருக்கு ஏழு வருஷம் போயிற்று. திருவனந்தபுரத்து ஜெயிலில் சப்பாத்தி போடப் படித்துக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் அவர் மறைத்ததே கிடையாது. கடைப் பலகையிலேயே 'ஜெயில் சப்பாத்தி' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். "என்ன அண்ணாச்சி, கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"படிச்ச எடத்தச் சொல்லாண்டாமா டீச்சர்?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தப்பு எனக்க மேலதான். அந்த மனுஷனுக்க கண்ண நான் திருப்பிக் குடுக்க முடியுமா? ஒளிச்சு வச்சா இன்னொரு தப்புல்லா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

அவருடைய மனைவி லில்லி அக்காவின் பாடுதான் திண்டாட்டம். "வெளிய வந்து இத்தன காலமாச்சு. இப்பவும் காலத்த எழும்பிக் கட்டிலுக்குப் பக்கத்துல வெறைச்சிக்கிட்டு நிக்காரு, பிள்ளே. நான் 'செரி'ன்னு சொன்னாத்தான் பல்லு தேய்க்கவே போவாரு. ஒருநா தெரியாம தூங்கிட்டேன். ஏழு மணி வரைக்கும் நின்னுட்டே இருந்திருக்காரு!"

இப்படிக் கலகலப்பாகத் திரிகிற மனிதர், தேர்தல் நாளில் மட்டும் கடையை அடைத்துவிடுவார். விசிலும் கிடையாது, சப்பாத்தியும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பார். காரணம் லில்லி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊரே விரலில் மையோடு சாப்பிட வந்து நிற்பதை அவரால் பார்க்க முடியாதாம். ஜெயிலில் கூட இருந்த எவனோ ஒருத்தன், "உள்ள வந்துட்டா ஆயுசுக்கும் ஓட்டு கெடையாது" என்று சொல்லிவிட்டான். அண்ணாச்சி அதை அப்படியே நம்பிவிட்டார்.

டீச்சர்மாருக்குப் பாடம் நடத்துவதைத் தவிர எல்லா வேலையும் உண்டு. அந்த வருஷம் வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அண்ணாச்சி வீட்டுக்கும் போனேன்.

"லில்லிக்க பேரு இருக்குல்லா, செரி. எனக்கு வேண்டாம் டீச்சர். நான் கேஸுல பெட்டு ஜெயிலுக்குப் போன ஆளு."

"யாரு சொன்னா? ஜெயிலுக்குள்ள இருக்கும்போதுதான் அண்ணாச்சி ஓட்டு கிடையாது. வெளிய வந்துட்டா எனக்கும் உங்களுக்கும் ஒரே சட்டம்தான்!"

மாவு பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "நேராட்டா?" என்றார். "எனக்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். நம்பவில்லை. சப்பாத்தி வாங்க வந்த வக்கீல் ஒருவரை வரிசையிலிருந்து வெளியே இழுத்து விசாரித்தார். அவரும் அதையே சொன்னார். அவ்வளவுதான், மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை! "அப்போ எலக்‌ஷன்ல நிக்கவும் செய்யலாமா டீச்சர்?" என்று கேட்டாரே பார்க்கலாம்.

"அதுக்கு இன்னும் கொஞ்ச வருஷம் போகணும்" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம்" என்று அடுக்களையிலிருந்து லில்லி அக்கா கத்தினாள். "கட்டிலுக்குப் பக்கத்துல நிக்குறதே போதும்!"

அடுத்தது போட்டோ. ஸ்டுடியோக்காரர் எனக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னார்: "டீச்சர், இவரு நேரா ஒரு போட்டோவுக்கு நின்னாரு. நான் முடிஞ்சுதுன்னு சொன்ன ஒடனே திரும்பி, சைடு காட்டி நிக்காரு. எறங்கச் சொன்னா எறங்கமாட்டேங்காரு. 'அதயும் எடு, எடுக்காம விடமாட்டானுவ'ங்காரு." பக்கவாட்டுப் படத்தையும் எடுத்த பிறகே அண்ணாச்சி இறங்கினார். லில்லி அக்கா அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். சைடில் இருந்து பார்த்தால் மனிதர் நல்ல அழகு.

அடையாள அட்டை வந்த நாளில் சாப்பிட வந்த எல்லோருக்கும் சாயா இலவசம். அப்புறம் வேட்பாளர்கள் வர ஆரம்பித்தார்கள். அதுவரை அவர் கடையைத் தாண்டிப்போன கூட்டம், பட்டியலில் பேர் ஏறியதும் படியேறி வந்து கும்பிட்டது. அண்ணாச்சி என் வீட்டுக்கே ஓடிவந்துவிட்டார்.

"டீச்சர், என்னப் பாத்து ஒருத்தன் கும்பிட்டான்! வெள்ளையும் சொள்ளையுமா உள்ள ஆளு! இத்தன வருஷமும் நான்லா எல்லாவனையும் கும்பிட்டேன்!"

மூன்று கட்சிக்காரர்களும் வந்தார்கள். மூன்று பேரையும் வரிசையில் நிறுத்தித்தான் கும்பிட விட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டுப்பதிவு எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. பட்டியலில் பேர் பார்த்துச் சொல்ல வராந்தாவில் எனக்கு ஒரு மேசை. ஜன்னல் வழியே உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். விடிந்ததும் முதல் ஆளாக அண்ணாச்சி வந்து நின்றார். புதுச்சட்டை, சந்தன வாசனை, பக்கத்தில் பட்டுப்புடவையில் லில்லி அக்கா. வாசலில் நின்ற போலீஸ்காரருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சோதனை போடட்டும் என்று நின்றார். "சும்மா போங்கய்யா" என்று அவர் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

உள்ளே அதிகாரி வரிசை எண்ணையும் பேரையும் உரக்க வாசித்தார். "உள்ளேன் ஐயா!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கட்சி ஏஜென்ட் எழுந்தான். "சார், இவரு ஜெயில்ல கெடந்த ஆளு. இவருக்கு ஓட்டு கெடையாது."

அண்ணாச்சி சண்டை போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டார். போ என்றால் போய்த்தானே அவருக்குப் பழக்கம்! மேசையைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். கண்டபடி கத்தியிருப்பேன், அதற்குள் தலைமை அதிகாரி வாய் திறந்தார். தூக்கக் கலக்கத்தோடு இருந்த ஒல்லியான மனிதர்.

"ஐயா, எங்க போறீங்க? இங்க வாங்க" என்றார். பிறகு ஏஜென்டைப் பார்த்து, "ஜெயில்ல இருக்குறவங்களுக்குத்தான் ஓட்டு இல்ல. இவரு எங்க இருக்காரு? என் முன்னாடி நிக்கறாரு. பட்டியல்ல பேரு இருக்கு, கையில அட்டை இருக்கு. நீங்க உக்காருங்க" என்றார். அந்த மனிதருக்கு ஒரு மாலை போடவேண்டும் போல இருந்தது எனக்கு.

அடுத்த மேசையில் மை வைக்கிற பெண், "விரல நீட்டுங்க" என்றாள்.

அண்ணாச்சி இரண்டு சட்டைக் கையையும் முழங்கைவரை மடக்கினார். இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்துப் பத்து விரலையும் வைத்தார். உடம்பு விறைத்துவிட்டது. "பெருவிரல்லேருந்து தொடங்கட்டா மேடம்?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "ஒரு விரல் போதும் ஐயா" என்றாள்.

"ஒண்ணு போதுமா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான்யா."

மற்ற விரல்களை அவர் மெதுவாக மடக்கிக்கொண்டார். மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்தபடியே அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். போனவர் வரவே இல்லை. அதிகாரி இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தார். ஒருவழியாக 'பீப்' என்று சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வேர்வையும் சிரிப்பும் கண்ணீருமாக ஒரே குழம்பல்!

லில்லி அக்கா ஓடிப்போய்க் கேட்டாள். "யாருக்குப் போட்டிய?"

"சொல்லமாட்டேன்."

"எனக்கிட்டயுமா?"

"ஒனக்கிட்டயும்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உள்ள இருக்கும்போது நான் குளிக்குறதயும் ஒருத்தன் பாத்துட்டு நிப்பான். இவளுக்கு எழுதுன கடுதாசியவும் ஒருத்தன் படிச்சிட்டுத்தான் விடுவான். இன்னைக்கு அந்த அட்டைக்குப் பின்னால நான் செஞ்சத எவனும் பாக்கல்ல. இப்போ எனக்கும் ஒரு ரகசியம் உண்டு டீச்சர்!"

லில்லி அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "செரி, பத்திரமா வச்சிக்கிடுங்க" என்றாள்.

கோட்டாற்றில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. இன்றுவரை இதை மட்டும் நான் கேட்கவில்லை. நான் போட்ட ஆளுக்கு எதிராகவே அவர் குத்தியிருந்தாலும் சரி, அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்.