ஜோபியில் பத்து கிலோ

பிராங்கிளின் செத்துப்போவதென்று முடிவாகிவிட்டது. இடம், கர்நாடகத்து ஜோக் அருவி. விதம், ஹெலிகாப்டர். இரண்டையும் குறித்தது அவருடைய மனைவி சில்வியா.

"மழ காலத்துல கொஞ்ச நாளு அருவிக்கு மேல சுத்திக் காட்றாங்களாம்யா," என்றாள், சங்கரா மீனின் செதிலைச் சுரண்டியபடி. "ஏறணும்."

"கீழ நின்னு பாத்தா தெரியாதா அருவி? தண்ணி கீழதான வருது."

"கீழேருந்து பாத்தது போதும். கட்டிகினு வந்த நாளா இந்த ஜன்னல்ல இன்னா பாக்கறேன்? எதுத்த வூட்டு செவுரு. அதுக்கு மேல பொகை. சாவறதுக்குள்ள எதுனா ஒண்ண மேலேருந்து பாக்கணும்."

இராயபுரத்தில் அந்த ஜன்னலைத் தேடிப் பிடித்து வாடகை பேசியவரே பிராங்கிளின்தான்.

பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லக்கூடிய நிலையில் அவர் இல்லை. துறைமுகத்தில் கிரேன் உச்சியில் உட்கார்ந்து காக்காய்க்கு பிஸ்கட் போட்டதாக, பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவைத்தவர். உண்மையில் கிரேன் ஏணியில் நாலாம் படிவரை போய், கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார். அதன்பிறகு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எடை மேடை வேலை. லாரி வந்து நிற்கும். எண் தெரியும். சீட்டு கிழிப்பார். பூமியை விட்டு அகலாத உத்தியோகம். தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறவன், சீட்டுக்கடியில் கல்லை ஒளிக்கிறவன் என்று எடையை ஏற்றிக் காட்டும் திருட்டு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எடையில் அவரை ஏமாற்றியவன் யார்டில் பிறக்கவில்லை.

ஆகவே, ஹெலிகாப்டரில் ஏறுகிறவர் நூறு கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி காதில் விழுந்ததும் அவருக்கு உயிர் திரும்பியது. அவருடைய எடை தொண்ணூற்றொன்று. பாக்கியைப் பொருளாகச் சேர்ப்பது என்று தீர்மானித்தார்.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்த மைத்துனர் சாவியோவைப் போய்ப் பார்த்தார்.

"வலைக்கு அடியில கட்ற ஈயக் குண்டு கொஞ்சம் வேணும் மச்சான்."

"இன்னாத்துக்கு மாப்ள?"

"வூட்ல கர்ட்டனு காத்துல பறக்குது."

"எவ்ளோ?"

"பத்து கிலோ."

"அது காத்தா, புயலா?" என்றார் சாவியோ. ஆனால் கொடுத்தார்.

எடையைப் பற்றிய உண்மை பிடிபட்டதும் ஆர்க்கிமிடீஸ் என்ற கிரேக்கர் உடுக்கை மறந்து தெருவில் ஓடினார் என்பார்கள். அதே எடை சம்பந்தமாகத் தம் உடுக்கைக்கும் ஆபத்து வரலாம் என்று பிராங்கிளின் யோசிக்கவில்லை. அறிவாளிகளின் சரித்திரத்தில் இது அடிக்கடி நேர்கிறது.

அருவிக்குப் பக்கத்து லாட்ஜில் விடிந்தபோது மழை பிணவீட்டு அழுகைபோல ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை, மரம் இல்லை. சாம்பல் நிறம் மட்டும். எண்ணூர்ப் புகையிலேயே இது கிடைக்குமே என்று நினைத்தபடி, குளியலறையில் பேண்ட்டின் நாலு ஜோபியிலும் குண்டுகளை நிரப்பினார். ஜோபி கிழியுமோ என்று பயந்தார். கிழியவில்லை. பதுவை அந்தோணியார் கைவிடவில்லை என்று நன்றி சொல்லிக்கொண்டார்.

"நட ஒரு மாரி கீது?" என்றாள் சில்வியா, வழியில்.

"குளுரு."

"குளுருக்கு பேண்ட்டு எறங்குமா?"

"மலைல எறங்கும்."

அவள் அவரையே சற்றுப் பார்த்தாள். "வேற எதுனா சொல்லணுமாய்யா?"

"ஒண்ணுமில்லியே."

"சரி, நட."

தகரக் கொட்டகையில் எடை பார்க்கும் மெஷின். பக்கத்தில் பெங்களூர்த் தமிழ் பேசும் ஒரு பெண். சில்வியா ஏறி இறங்கினாள். யாரும் கூப்பிடுமுன் பிராங்கிளின் ஏறினார். நூற்றொன்று. முகத்தைத் துக்கவீட்டு அளவுக்குத் தயார்செய்துகொண்டு இறங்கினார். இறங்கிய அதிர்ச்சியில் பெல்ட் கொக்கி தெறித்துப் போயிற்று. இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நமக்குக் குடுப்பின இல்ல சில்வியா. ஒரு கிலோல போச்சி. நீயாவது போய்ட்டு வா."

அந்தப் பெண் விழித்தாள். "நீங்க ஏன் சார் ஏறினீங்க? மேடம் பேர்ல ஒரே டிக்கெட்டுதானே."

"ஒண்ணா?" என்றார் பிராங்கிளின்.

"ஏறணும்னேன். உன்ன எப்ப கூப்ட்டேன்?" என்றாள் சில்வியா. "கல்யாணத்துக்கு முன்ன கோயில் திருவிழால ராட்டினத்தாண்ட போறப்பல்லாம் உனக்கு வயித்து வலி வரும். அன்னிக்கே தெரியும்."

"அப்ப... குண்டு?"

"கர்ட்டனே இல்லாத வூட்டுக்குக் கர்ட்டன் குண்டு கேட்டா, எங்கண்ணன் எனக்குப் போன் போடமாட்டாரா? ஜோபி நாலுத்துக்கும் டபுள் தையல் போட்டேன். நடுவழில பிஞ்சி மானம் போவக்கூடாதுன்னு."

அந்தோணியாருக்குச் சொன்ன நன்றியைப் பிராங்கிளின் மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வூட்லியே சொல்றதுதான?"

"பயமா கீதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு சென்ட்ரல்லேந்து பாத்துகினு வரேன். சொல்லல. இப்பனா சொல்றியா?"

பிராங்கிளின் வாயைத் திறந்தார். "எனக்கு இன்னா பயம்?" என்று அது சொல்லிற்று.

சில்வியா போய் ஏறிக்கொண்டாள்.

ஹெலிகாப்டர் எழும்பியது. சேற்றில் நின்றவர்கள் எல்லோரும் மேலே பார்த்துக் கையாட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது இது ஒன்று. அதிலும் தாம் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாமும் கையாட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் கை இரண்டும் வேலையாக இருந்தன. சாவியோவின் ஈயத்தைச் சேற்றில் போட்டுவிட்டும் வர முடியாது. மழையில் நனைந்தபடி, நூற்றொரு கிலோவும் பூமியில் அழுந்த, நின்றார்.

இறங்கி வந்தவளின் முகம் கழுவி விட்டதுபோல இருந்தது.

"அருவி தெரிஞ்சிதா?" என்றார், தெரிந்திருக்கக்கூடாதே என்ற நப்பாசையில்.

"மேகம் ஒருவாட்டி வெலகிச்சி. நாலு அருவியும் தெரிஞ்சிது. நீயும் தெரிஞ்ச."

"நானா? அவ்ளோ மேலேருந்து என்ன எப்டி கண்டுபுடிச்ச?"

"கீழ எல்லாரும் கையாட்டிகினு இருந்தாங்கோ. நீ ஒர்த்தன்தான் பேண்ட்டப் புடிச்சிகினு நின்னுகினு இருந்த."