மணிக்கட்டில் ஒரு கோடு

கதவு திறக்க இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் இருந்தது. அதற்குள் வரிசை டுலூத் நகரின் ஹாக்கி அரங்கத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டது. மூக்கில் பனி உறைந்தும் தோள்வலிக்காரர்கள் நகரவில்லை. மருத்துவர் கால் மணி நேரம் தாமதித்தால்தான் இவர்களுக்குக் கோபம் வரும். அதிசயத்துக்கு எவ்வளவு நேரமும் நிற்பார்கள்.

அதிசயம் ஒரு சின்ன வில்லை. சட்டைக்கு மேலேயே ஒட்டிக்கொண்டால் போதும், உள்ளே அறுந்த தசைநார் தானாகக் கூடிவிடுமாம். கண்டுபிடித்தவர் டாரல் வோஸ். போன குளிர்காலம் வரை பனிவண்டி விற்றவர்.

வரிசையில் மாரெனும் நின்றாள். அறுந்த தோள் நாரின் மேல் வைத்துத் தைக்கும் ஒட்டு ஒன்றை ஐந்து வருடமாக ஆய்வகத்தில் உருவாக்கிக்கொண்டிருப்பவள். அவள் ஏன் வந்தாள்? அக்கா கூப்பிட்டாள். முடியாது என்று சொல்லும் வித்தையை எந்தப் பல்கலைக்கழகமும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை.

அக்கா கிர்ஸ்டன் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவள். இலையுதிர் காலத்தில் வலது தோள் நார் அறுந்தது. வசந்தத்துக்குள் தைக்காவிட்டால் நார் சுருங்கிவிடும், பிறகு தைக்கவே முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"டாக்டர் மறுபடி கூப்பிட்டாராமேக்கா?"

"கூப்பிட்டாரு. என் தங்கச்சி ஒட்டு வரட்டும்னுட்டேன். அதுவரைக்கும் இந்த வில்லை ஒட்டிக்கிட்டு இருக்கட்டுமே!"

மாரென் தன் பூட்ஸைப் பார்த்தாள். ஒட்டை ஆடுகளுக்கு வைத்துப் பார்த்த சோதனையின் முடிவு வியாழக்கிழமை வந்திருந்தது. "மாநாடு முடியட்டும், அப்புறம் வெளிய சொல்லலாம்" என்றார் பேராசிரியர். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவள் கெட்டிக்காரி.

உள்ளே டாரல் கிர்ஸ்டனையே மேடைக்கு அழைத்தார். "கையை நீட்டுங்க. நான் அமுக்குவேன், தாங்கிப் பிடிங்க."

அமுக்கினார். கை தொங்கியது. வில்லையை ஒட்டினார். மறுபடி அமுக்கினார். கை நின்றது! கைத்தட்டலில் கூரைப் பனி உதிர்ந்திருக்கும்.

மாரென் வில்லையைப் பார்க்கவில்லை. டாரலின் விரல்களைப் பார்த்தாள். முதலில் மணிக்கட்டில். இரண்டாவது முறை முழங்கைக்கு மேலே. கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பார்த்த எவருக்கும் தெரியும் இந்த வித்தை. அரங்கில் இருந்த முந்நூறு பேருக்கும் கண் இருந்தது. ஆனால் இந்த ஊரில் ஒருவரை முகத்துக்கு நேரே மறுப்பது அநாகரிகம். மிஞ்சிப்போனால் 'புது மாதிரியா இருக்கே' என்பார்கள். அதுவே பெரிய வசவு.

மாரெனின் கை உயர்ந்தது. யாருடைய கை என்று அவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

"சார்... அக்கா மணிக்கட்டுல ஒரு கோடு போடட்டுமா? ரெண்டு தடவையும் அங்கயே அமுக்குங்க."

"ஆற்றலுக்கெல்லாம் கோடு போட முடியாதும்மா."

"வலிக்கும்க்கா" என்றாள் மாரென் மெல்ல.

"வலிச்சா வலிக்கட்டும். போடுடி."

மாரென் மேடையேறிக் கோடு போட்டாள். வில்லையோடு, டாரல் கோட்டில் அமுக்கினார். கை தொங்கியது. வில்லையைப் பிய்த்துவிட்டு, மாரென் முழங்கைக்கு மேலே அமுக்கினாள். கை நின்றது.

"உங்க அவநம்பிக்கைதான் வில்லையைக் கெடுத்துது!" என்றார் டாரல்.

"என் நினைப்பைத் தாங்காத வில்லை, பெயின்ட் டப்பாவைத் தாங்குமா சார்?" என்றாள் மாரென்.

பின்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "புது மாதிரியா இருக்கே." டாரல் பெட்டியை மூடினார்.

கிர்ஸ்டன் தங்கையைக் கட்டிக்கொண்டாள். "இவன் கிடக்கறான். உன் ஒட்டுக்கே காத்திருக்கேன். நீ சொன்னா எனக்குப் போதும்டி."

"எங்களுக்கும் எப்ப கிடைக்கும் டாக்டரம்மா?" என்றது கூட்டம். மாரென் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் புதிதாக ஒரு வரிசை உருவாகியிருந்தது. அதே ஆட்கள். இவள் எங்கே அமுக்குகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நான் சொன்னாலும் நம்பாதீங்க. ஒட்டு இல்லாமயும் சோதிச்சீங்களான்னு கேளுங்க."

கிர்ஸ்டன் கண்ணைச் சுருக்கினாள். "சரி, கேக்கறேன். சோதிச்சியா?"

"சோதிச்சோம். நீ இந்த வாரமே போய்த் தையல் போட்டுக்கோக்கா. ஒட்டு வெச்ச ஆடும் வெறும் தையல் போட்ட ஆடும் ஒரே மாதிரிதான் தேறிச்சு."