ஆளில்லாத சாம்பல் சட்டை

அன்புள்ள சின்ன அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் எழுதுவது. நீங்கள் நலம் என்பதை வாராவாரம் பத்திரிகையில் உங்கள் கட்டுரைக்கு மேலே வரும் சிரித்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நான் நலமில்லை. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? விசாரிப்பு முடிந்தது, இனி சண்டை.

"வாங்குமுன் மூன்று முறை யோசியுங்கள், மூன்றே நிறங்களில் வாங்குங்கள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் சேர வேண்டும், அப்போதுதான் உங்கள் அலமாரியைத் திறந்தால் நீங்கள் தெரிவீர்கள்" என்று எழுதினீர்களே, அதை எழுதுமுன் ஒரு முறையாவது யோசித்தீர்களா? நான் துணி துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் இந்த அடுக்குமாடியில் நாற்பத்தெட்டு வீடு. நாற்பத்தெட்டிலும் உங்கள் பத்திரிகைதான். ஒரே மாதத்தில் அத்தனை வீடும் வெள்ளை, கருநீலம், சாம்பல். முன்பெல்லாம் பல் டாக்டருக்குக் கிளிப்பச்சைச் சட்டை, ஐந்தாம் மாடி வக்கீலுக்கு வயிற்றில் பொத்தான் தெறிக்கும் மஞ்சள் சட்டை, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். யார் வீட்டுத் துணி என்று சீட்டுக் குத்தி வைக்கிறவன் கண் தெரியாதவன் என்று மற்ற சலவைக்காரர்களைக் கிண்டல் செய்தவன் நான். இன்று ஒரு மூட்டையைப் பிரித்தால் அடைமழை நாள் வானத்தை மடித்து வைத்த மாதிரி இருக்கிறது.

விளைவைக் கேளுங்கள். வக்கீலின் கால்சட்டை பல் டாக்டருக்குப் போய்விட்டது. அவர் இரண்டு கையாலும் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடித்து இழுக்கும்போது கால்சட்டை கீழே இறங்கியிருக்கிறது. பல்லை விடுவதா, கால்சட்டையை விடுவதா? மனிதர் தொழில் பக்தி உள்ளவர், பல்லை விடவில்லை. டாக்டரின் கால்சட்டையில் நுழைந்த வக்கீலோ நீதிமன்றத்தில் "எங்கள் தரப்பில் ஓட்டையே இல்லை" என்று குனிந்து காகிதம் எடுத்திருக்கிறார். டர்ர். மூன்றாம் மாடி அம்மாள் புருஷனுடைய சட்டை என்று நினைத்து வேறு யாருடையதையோ அலமாரியில் மாட்டி வைத்து, மறுநாள் அது அவருக்குத் தொளதொளவென்று தொங்க, "இளைச்சுட்டீங்களே, எவளை நினைச்சு?" என்று ஆரம்பித்து, அந்த வீட்டில் நான்கு நாளாகச் சமையல் இல்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் இறங்கி வந்தார். "ஞாயித்துக்கிழமை அவங்கவங்க துணி அவங்கவங்க கைக்குப் போகணும். இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிடு." ரூம் என்றால் கடை மட்டுமில்லை அத்தை, தேய்க்கிற மேசைக்கு அடியில்தான் நான் படுக்கிறேன்.

ஞாயிறு காலை கார் நிறுத்தும் இடத்தில் கயிறு கட்டி நூற்றுப் பன்னிரண்டு சாம்பல் சட்டைகளை வரிசையாக மாட்டினேன். எல்லோரும் வந்தார்கள். தன் சட்டை எது என்று ஒரு ஆளுக்கும் தெரியவில்லை! மூன்று முறை யோசித்து வாங்கிய மகான்கள். "இதான் என்னோடது", "இல்ல சார், நீங்க பிடிச்சிருக்கறது என் கை" என்று ஒரே சட்டையை மூன்று பேர் இழுத்தார்கள். கடைசியில் எது புதிதாக இருந்ததோ அது எல்லோருக்கும் சொந்தமானது.

அந்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார் சாவிக்கொத்து அக்கா. கட்டிடம் முழுக்கத் துப்புரவு அவர் வேலை, நாற்பத்தெட்டு வீட்டுச் சாவியும் அவரிடம். உங்கள் கட்டுரையைப் படித்து எல்லோரும் கழித்துக் கட்டிய வண்ணத் துணியெல்லாம் அவரிடம்தான் போனது. வந்ததையெல்லாம் வாரிக்கொள்ளவில்லை அவர். பெரிய பை வைத்த துணியை மட்டும் எடுத்தார். வக்கீல் மனைவியின் பட்டுச் சட்டையை, "சாவியை எங்க வைப்பேன்? காதுலயா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று அவர் மேல் டாக்டரின் கிளிப்பச்சை. டாக்டர் பக்கத்தில் போய்க் குழைந்தார்: "அந்தச் சட்டை... திருப்பிக் கிடைக்குமா?"

அக்கா துடைப்பத்தை நிறுத்தவில்லை. "யோசிச்சு வாங்கணும்னு படிச்சீங்களே டாக்டரே, யோசிச்சுக் குடுக்கணும்னு அதுல போடலயா?"

மூன்று நிறத்தில் பத்து சட்டை வாங்க முடிந்தவனுக்கு எளிமையானவன் என்று பெயர் வைக்கிறீர்கள். பத்து வீட்டுச் சட்டையைப் போடுகிறவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

இப்போது என் பிரச்சினை. எல்லோரும் போன பிறகு கயிற்றில் ஒரு சாம்பல் சட்டை மிஞ்சியது. செயலாளர் அதைப் பிணத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஒண்ணு மிஞ்சுதுன்னா ஒருத்தருக்குக் குறையுதுன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளைக் கண்டுபிடி. இல்லேன்னா மூட்டையைக் கட்டு." நாற்பத்தெட்டு கதவையும் தட்டிவிட்டேன். யாருமே தங்களுடையது இல்லை என்கிறார்கள். ஆகவே வியாழக்கிழமைக் கட்டுரையில், சாம்பல் சட்டையைத் தொலைத்த மடையன் யாராக இருந்தாலும் உடனே வரச் சொல்லி எழுதுங்கள். அப்படியே ஆளுக்கொரு கிளிப்பச்சை கட்டாயம் என்றும் போடுங்கள்.

மாமாவுக்கு வணக்கம். உங்கள் பேனாவுக்கு நீண்ட ஓய்வு கிடைக்க வேண்டிக்கொள்கிறேன்.

பாசத்துடனும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கோபத்துடனும்,
அண்ணன் மகன்

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது சாவிக்கொத்து அக்கா வந்தார். அந்தச் சட்டையின் காலரைத் தூக்கிப் பார்த்தார். "டேய், இது உன்னோடதுடா."

"எனக்கு எதுக்குக்கா சாம்பல்?"

"போன மாசம் வாங்கிட்டு வந்து மூணு தடவை கண்ணாடி பார்த்தியே. காலருக்கு அடியில பாரு, சுட்டுக் கறுத்திருக்கு. அடுத்தவங்க சட்டையை ஒரு நாளும் நீ சுட்டதில்ல. உன்னோடதைத்தான் பாதித் தூக்கத்துல தேய்ப்ப."

ஆமாம் அத்தை. கட்டுரையைப் படித்தேன், வாங்கினேன். என்னுடைய இரண்டு கால்சட்டைக்கும் நன்றாகவே சேருகிறது. நாளை அதைப் போட்டுக்கொண்டே செயலாளர் முன்னால் போய் நிற்கப் போகிறேன். மானம் போகும், ரூம் மிஞ்சும். மடையன் என்பதை அடித்துவிடுங்கள். கிளிப்பச்சையும் வேண்டாம். அடுத்து என்ன நிறம் என்று மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.