பாதித் துண்டு, பாதித் தூரம்

காரைக்கால் கடற்கரை நடையர் பேரவை மட்டும் தோன்றியிராவிட்டால் மனித ஆரோக்கியம் இன்னும் இருட்டில்தான் துழாவிக்கொண்டிருக்கும். மற்ற ஊர்களில் நடந்துவிட்டுச் சாப்பிடுவார்கள். பேரவையினர் சாப்பிட்டுவிட்டு நடந்தார்கள். காரணம் ஆழமானது: முன்பெல்லாம் நடை முடிந்ததும் உறுப்பினர்கள் வீட்டைப் பார்க்கப் போய்விட, சிற்றுண்டி உபயதாரர் வாளியும் கரண்டியுமாகத் தனியே நிற்க வேண்டியிருந்தது.

குஞ்சிதபாதம் மின்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்காக நடக்க வந்தவர். யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். சப்பாத்தி உபயத்தன்று நடக்கும்போது உடம்பெல்லாம் தடித்து மயங்கி விழுந்தார். பேரவை தீர ஆராய்ந்து ‘உப்புக்காற்று’ என்று முடிவு செய்தது. பரோட்டா உபயத்தன்றும் விழுந்தார். முடிவு ‘கண்ணேறு’ என்று திருத்தப்பட்டது.

டாக்டர் சுகிர்தா பேரவையைக் கலந்துகொள்ளாமலே சோதனை செய்துவிட்டார்.

“கோதுமை, மைதா மட்டும் சாப்பிட்டா ஒண்ணுமில்ல சார். வெறுமனே நடந்தாலும் ஒண்ணுமில்ல. சாப்பிட்டுட்டு நடந்தாதான் அலர்ஜி. நடுவுல நாலு மணி நேரமாவது விடுங்க. இன்னொரு தடவை வந்தா மூச்சே நின்னுடும்.”

ஞாயிற்றுக்கிழமை குஞ்சிதபாதம் இதைப் பேரவையில் சொன்னார். அன்று உபயம் தலைவர் ஆல்போன்ஸுடையது. பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன்காரர். பாரிஸில் பேரன் பிறந்த மகிழ்ச்சியில் கேக் கொண்டுவந்திருந்தார்.

“நான் நடக்க மட்டும் செய்றேங்க,” என்றார் குஞ்சிதபாதம்.

“கேக்கு வேணாமா? எம் பேரன் உங்களுக்கு என்னங்க பண்ணுனான்?”

“அப்ப சாப்பிட்டுட்டு இங்கயே உக்காந்துடறேன்.”

“நடையர் பேரவையில உக்கார்றதுக்கு விதியில இடமில்லைங்க.”

மணலில் நின்றபடியே அவசரக் கூட்டம் நடந்தது. பாதித் துண்டு தின்று பாதித் தூரம் நடந்தால் பாதி அலர்ஜிதானே வரும்? எல்லோரும் கைதூக்கி ஆதரிக்க, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குஞ்சிதபாதத்துக்கு டாக்டர் சொன்னது மறக்கவில்லை. ஆனாலும் பச்சைக் குழந்தையின் பெயரால் நீட்டியதை எப்படித் தட்டுவது? தின்றார். நடந்தார். கலங்கரை விளக்கத்தைத் தாண்டுவதற்குள் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, குப்புற விழுந்தார். அலர்ஜி தீர்மானத்தை மதிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சுகிர்தா ஊசி போட்டு உயிரை மீட்டார். பிறகு கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் திரும்பினார்.

“தெரிஞ்சேவா குடுத்தீங்க?”

சீருடைப் பனியன் நீலமா பச்சையா என்று ஒரு வருடம் அடித்துக்கொண்ட பேரவை இப்போது ஒரே குரலில் பேசியது: “நாங்க குடுக்கலைங்க. அவராத்தான் எடுத்துச் சாப்பிட்டாரு.”

குஞ்சிதபாதத்துக்கு ஆத்திரம் பொங்கியது. வீங்கிய உதடு பிரியவில்லை. இல்லை என்று சொல்லக் கையைத் தூக்கினார்.

“பாத்தீங்களா டாக்டர்,” என்றார் ஆல்போன்ஸ். “அவரும் ஆதரிக்கிறாரு.”