பாஸ் முட்டையிடும் நாளை வாக்கெடுத்து அறிந்த குழு

யாரோ சந்திரனில் கால் வைத்தார்கள் என்று இன்னமும் பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மீன் எப்போது முட்டையிடும் என்பதைக் கதவைச் சாத்திய அறையில், பிஸ்கட் தின்றபடி, கையுயர்த்தி வாக்களித்துத் தீர்மானித்த சாதனையின் முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம்? அந்தப் பெருமை மொன்றியல் நகரத்துக்கே உரியது.

அது நடந்தது 2007ஆம் ஆண்டின் வசந்தத்தில். நகரின் மேற்குத் தீவு என்ற புறநகர்ப் பகுதிக்குப் போகும் பெருஞ்சாலையோரம் ஒரு மென்பொருள் நிறுவனம். அதன் பின்பக்கம் சிறு குளம். குளத்தில் பாஸ் என்ற மீன்கள். கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை நகுலேஸ்வரனுக்கு.

நகுலேஸ்வரன் வவுனியாவில் கடற்றொழில் திணைக்களத்து உத்தியோகத்தராக இருந்தவர். பதினோரு வருடம் குளங்களில் மீன்குஞ்சு விட்டு வளர்த்தவர். கனடா அவருடைய சான்றிதழ்களை மிகுந்த மரியாதையுடன் வாங்கிப் பார்த்தது. அப்படியே மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தது. கூடவே ஒரு துடைப்பத்தையும் கொடுத்தது.

நிறுவனத்துக்கு ஒரு ‘பசுமைக் கொள்கை’ இருந்தது. முட்டையிடும் நாட்களில் மீன்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அதன் ஏழாம் பிரிவு. நிறுவனத்துக்குத் துணைத் தலைவி ஒருவரும் இருந்தார், செலீன் என்று பெயர். ஜூன் முதல் சனிக்கிழமை வாடிக்கையாளர்களை அழைத்துத் தூண்டில் விழா நடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு உயர்ந்த நோக்கங்கள் மோதிக்கொண்டால் என்ன செய்வது? குழு அமைப்பது.

‘பாஸ் இனப்பெருக்கத் தயார்நிலைக் கண்காணிப்புக் குழு’ உதயமாயிற்று. உறுப்பினர் ஒன்பது பேர். தலைவர் சென்னையிலிருந்து வந்த பிரவின்குமார். மீனைக் குழம்பில் மட்டுமே சந்தித்தவர் என்பதால் அவருக்கு எந்த முன்முடிவும் இருக்கவில்லை. ஒரு பாஸ் தண்ணீருக்குள், இன்னொரு பாஸ், அதாவது செலீன், மூன்றாம் மாடியில். இருவரில் யாருடைய மனநிலையை முதலில் அறிய வேண்டும் என்பதில் குழுவுக்குச் சந்தேகமே எழவில்லை.

ஆய்வு முறை மிகக் கடுமையானது. தண்ணீர் பதினாறு பாகையைத் தொட்டால் பாஸ் முட்டையிடும் என்று இணையத்தில் கண்டுபிடித்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் குளத்து நீரை ஒரு போத்தலில் எடுத்தார்கள். கூட்டம் திங்கட்கிழமை என்பதால், மாதிரி கெட்டுவிடாமல் சமையலறைக் குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள். திங்கட்கிழமை ஒன்பது பேர் முன்னிலையில் வெப்பமானியை விட்டார்கள். நான்கு பாகை. அடுத்த வாரமும் நான்கு. மூன்றாம் வாரமும் நான்கே.

“இவ்வளவு ஸ்டேபிளான டேட்டாவ நான் பார்த்ததே இல்ல,” என்றார் பிரவின்குமார், குரல் தழுதழுக்க.

மே மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. குப்பைப் பையைக் கட்டி வெளியே கொண்டுபோன நகுலேஸ்வரன் குளக்கரையில் நின்றுவிட்டார். வெயில் விழும் தென்கரையோரம், முழங்காலளவுத் தண்ணீரில், சரளை மண்ணில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டங்கள். சுற்றிலும் பாசி, வட்டத்துக்குள் மட்டும் பளிச்சென்று வெள்ளை. ஒவ்வொன்றிலும் ஒரு கறுத்த மீன் வாலை அடித்தடித்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. சற்று ஆழத்தில் வயிறு பருத்த பெண் மீன்கள் அலைந்தன. வவுனியாவில் திலாப்பியா மீனும் இதையேதான் செய்யும். பத்து வருடங்களுக்குப் பிறகு தனக்குத் தெரிந்த ஒன்றை அவர் பார்க்கிறார்.

கோப்பி குடிக்க வெளியே வந்த பிரவின்குமாரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச வந்து பாருங்கோ. ஆம்பிளை மீன் வாலால கூட்டித் துப்புரவாக்குது. நாளைக்கோ நாளையிண்டைக்கோ முட்டை போட்டிடும்.”

“எப்படிண்ணா சொல்றீங்க?”

“கூட்டுற வேலையைப் பற்றி எனக்குத் தெரியாதே?”

பிரவின்குமார் தண்ணீரைப் பார்த்தார். அதில் தன் முகம் தெரிந்ததால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். “அண்ணா, நீங்க சொல்றது ஃபீல். எனக்கு டேட்டா வேணும். டேட்டா நாலு டிகிரி.”

“அது பிரிஜ்ஜின்ர சூடு, தம்பி. குளத்துக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ.”

“கையா? அது எங்க முறையிலயே இல்லண்ணா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இங்க ரொம்ப நேரம் நிக்காதீங்க. போன மாசமே நீங்க குளத்தப் பார்த்துட்டு நின்னதுக்கு உங்க துப்புரவுக் கம்பெனி லெட்டர் கொடுத்தாங்கல்ல?”

கொடுத்திருந்தார்கள். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும் என்றும் அதில் இருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. ‘பாஸ் இன்னும் தயாரில்லை’ என்ற தீர்மானம் ஒன்பதுக்குப் பூச்சியம் என்ற வாக்குகளால் நிறைவேறியது. தீர்மானத்தை மீன்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. அவை வியாழக்கிழமையே முட்டையிட்டுவிட்டன.

முட்டையிட்ட பிறகு பெண் மீன் போய்விடும். ஆண் மீன்தான் இரவும் பகலும் காவல். தூண்டிலை முட்டைக்கு மேலே போட்டால், எதிரி என்று நினைத்து அதைக் கடிக்கும். அந்த ஆண் மீனைத் தூக்கிவிட்டால், சுற்றி நிற்கும் சின்ன மீன்கள் பத்து நிமிடத்தில் கூட்டைத் துடைத்துவிடும். வெள்ளி மாலை, வீடு இருக்கும் கோட்-டெ-நெய்ஜுக்குப் போகும் பஸ்ஸில் நகுலேஸ்வரன் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி சிவநேசத்திடம் சொன்னார்.

“மீனுக்காக வேலையை விடப்போறியளோ?” என்றாள் சிவநேசம்.

“இல்லை,” என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

சனி காலை, விருந்தினர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, களஞ்சிய அறையைத் திறந்தபோது, தரை துடைக்கும்போது வைக்கும் மஞ்சள் பலகைகள் எட்டு அவர் கண்ணில் பட்டன. ‘கவனம், ஈரத்தரை’ என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியவை. எட்டையும் அள்ளிக்கொண்டு போனார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, தென்கரை நெடுகக் குளத்துக்குள் இறங்கி, கூட்டுக்கொன்றாக நட்டார். ஒரு ஆண் மீன் ஓடிவந்து அவர் கணுக்காலில் முட்டியது.

“சரியடாப்பா, போறன், போறன்,” என்றார்.

விருந்தினர் வந்தார்கள். தண்ணீருக்கு நடுவே ‘ஈரத்தரை’ என்று எச்சரிக்கும் பலகைகளைக் கண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மஞ்சள் பலகையைச் சந்தேகிப்பது நாகரிக மனிதர்களுக்கு அழகல்ல. எல்லோரும் பணிவோடு வடகரைக்குப் போய், மாலைவரை தூண்டில் போட்டு, ஒரு மீனும் பிடிக்காமல் மகிழ்ந்தார்கள்.

“இந்தப் பலகைகள் எதற்கு?” என்று செலீன் கேட்டார்.

பிரவின்குமார் பலகைகளைப் பார்த்தார். தொலைவில் ஈரக் காற்சட்டையோடு நின்ற நகுலேஸ்வரனைப் பார்த்தார். தலைமைப் பண்பு என்பது இத்தகைய நொடிகளில்தான் வெளிப்படும்.

“முட்டைகளைப் பாதுகாக்கும் வலயம், மேடம். எங்கள் குழுவின் இரண்டாம் கட்டம்.”

செலீன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பத்து நாளில் நகுலேஸ்வரனுக்குத் துப்புரவுக் கம்பெனியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. நிறுவனத்தின் பலகைகளைக் கட்டடத்துக்கு வெளியே அனுமதியின்றி ஈரப்படுத்தியது குற்றம், மாத இறுதியோடு வேலை முடிகிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் பிரவின்குமாரிடம் போனார்.

“தம்பி, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். முட்டையைக் காப்பாற்ற நான்தான் வைச்சனான் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

பிரவின்குமாருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. “சொல்லலாம்ணா. ஆனா அப்புறம் குழுவோட நம்பகத்தன்மை என்ன ஆகும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

நகுலேஸ்வரன் யோசித்துப் பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றைய குப்பையைக் கட்டப் போனார்.

ஜூன் மாதக் கடைசி நாள். நிறுவனத்தின் ‘பசுமைச் சாதனையாளர்’ விருது குழுவுக்கு வழங்கப்பட்டது. குளக்கரையில் மேசை போட்டு, கேக் வெட்டி, பிரவின்குமார் உரையாற்றினார். இயற்கையை உற்றுநோக்கப் பொறுமை வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால், தென்கரைத் தண்ணீரில், கறுப்பு மிளகைத் தூவியதுபோல ஆயிரக்கணக்கான குஞ்சுகள் திரளாக நகர்ந்தன. கேக் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர அதை யாரும் கவனிக்கவில்லை.

“மெஸ்யூ, எங்கள் குழுவை ஒரு படம் எடுப்பீர்களா?” என்று செலீன் அவரிடம் கமெராவை நீட்டினார்.

நகுலேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். “கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ,” என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றி வைத்து, பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்தப் படம் இன்றும் வரவேற்பறையில் தொங்குகிறது. மீனைக் கண்ணால் பார்க்காத ஒன்பது பேரும் அதில் மிகத் தெளிவாகத் தெரிகிறார்கள்.